ஈஸ்ட்டைப் பாக்டீரியா ஆக்கிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் குடல் நலம் பற்றி வந்த கட்டுரை படிக்கச் சுவையாக இருந்தது. ஆனால் 'நல்ல பாக்டீரியாக்கள்' பட்டியலில் சாக்கரோமைசிஸ் பவுலார்டியையும் சேர்த்திருந்ததைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். அது ஓர் ஈஸ்ட். பூஞ்சை இனத்தைச் சேர்ந்தது. மருத்துவமனை மருந்தகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட மனம் வரவில்லை. அதை அடைத்து விற்கும் கேப்சூலால் வரும் நன்மையும் ஆபத்தும் அது பூஞ்சை என்பதில்தான் இருக்கின்றன.

நன்மையை முதலில் சொல்கிறேன். தொற்றுக்காக ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குடலில் இருக்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்தே அடிபடுகின்றன. பலருக்கு வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். புரோபயாடிக் என்பது குடல் நலத்துக்காகக் கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர். பாக்டீரியா வகைப் புரோபயாடிக்கை அந்த நேரத்தில் கொடுத்தால் அதற்கும் அதே அடி விழலாம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு ஈஸ்ட் அசைவதில்லை. 'இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்' என்று கட்டுரையில் சொன்ன அறிவுரை இதற்குத் தேவையே இல்லை. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 4,780 பேர் பங்கேற்ற 21 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு, இந்த ஈஸ்ட் எடுத்துக்கொள்ளாதவர்களிடம் 18.7 சதவீதமாகவும், எடுத்துக்கொண்டவர்களிடம் 8.5 சதவீதமாகவும் இருந்தது. மருந்துக் கடையில் விற்கும் புரோபயாடிக்குகளில் இந்த அளவுக்குச் சான்று உள்ளவை குறைவு.

ஆனால் பூஞ்சைக் கொல்லி மருந்து இதைக் கொன்றுவிடும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக் கொல்லியும் பவுலார்டியும் ஒரே சீட்டில், ஒரே வேளைக்கு எழுதப்பட்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கை விதைக்க, மறு கை பிடுங்குகிற கதை.

இதன் பிறப்புக் கதையைக் கட்டுரையாளர் விட்டுவிட்டது எனக்கு வருத்தம். 1920-களில் தென்கிழக்கு ஆசியாவின் இந்தோசீனாவில் காலரா பரவியிருந்தபோது, லிச்சி, மங்குஸ்தான் பழங்களின் தோலைப் பயன்படுத்தியவர்கள் வயிற்றுப்போக்கிலிருந்து தப்பியதை ஆன்ரி பவுலார் என்ற பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் கவனித்தார். அந்தத் தோலிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஈஸ்ட்டுக்குத்தான் அவருடைய பெயர். நம் உடல் வெப்பமான 37 டிகிரியிலும் அது தயங்காமல் வளர்கிறது. ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு நெருங்கிய உறவு. மரபணுவைப் பார்த்தவர்கள் இரண்டும் ஒரே இனம் என்கிறார்கள். அதற்காக ரொட்டி தின்றால் போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அடுப்பில் வெந்த ஈஸ்ட் செத்த ஈஸ்ட். கேப்சூலைப் பிரித்து வெந்நீரில் கரைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

'ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் குடலில் நிலைத்துவிடும்' என்ற வரியும் தவறு. இது குடலில் குடியேறுவதில்லை. வரும், வேலையைச் செய்யும், நிறுத்திய சில நாட்களில் மலத்தோடு வெளியேறிவிடும். மலச்சிக்கல், வாயு, மந்தம் என்று எதற்கெடுத்தாலும் விழுங்குவதற்கு உரிய சான்றும் இல்லை. குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்கில்கூட நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை: ஐரோப்பியக் குழந்தைகள் நல வல்லுநர்கள் கொடுக்கலாம் என்கிறார்கள்; அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020-இல் வேண்டாம் என்றது. இருவரும் சண்டை போடாத விஷயம், உப்பு சர்க்கரைக் கரைசல்தான் முதல் மருந்து என்பது.

இனி ஆபத்து. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒருநாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மருந்து கொண்டுபோயிருந்தேன். செவிலியர் ஒருவர் நோயாளியின் தலைமாட்டில் நின்றபடியே கேப்சூலைத் திருகிப் பிரித்து, மூக்குக்குழாய் வழியாகக் கொடுப்பதற்காகத் தண்ணீரில் கொட்டினார். வெளிறிய தூள் கொஞ்சம் காற்றில் எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது. கையுறையின் விரல்நுனியிலும் ஒட்டியிருந்தது. அந்தக் கையுறையோடே, கழுத்து ரத்தக்குழாயில் மருந்து ஏற்றுவதற்காகச் செருகியிருந்த சென்ட்ரல் லைன் என்ற குழாயைச் சரிசெய்யத் திரும்பினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துக்கொண்டார். செவிலியர்மேல் தப்பில்லை, 'வெறும் வயிற்று மருந்துதானே' என்றுதான் எல்லோரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

தூளில் இருப்பது உயிருள்ள பூஞ்சை. குடலில் விருந்தாளியாக இருப்பது, அந்தக் குழாய் வழியே ரத்தத்தில் இறங்கினால் ரத்தத் தொற்று. உயிரிழப்புகளும் பதிவாகியிருக்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் இதை ஆராய்ந்து, உயிருக்குப் போராடும் நிலையில் உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் கொடுக்கக் கூடாது என்றது. சென்ட்ரல் லைன் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே தடை உண்டு. கேப்சூலை நோயாளியின் அறைக்குள் பிரிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்ததே.

உங்கள் இதழை வாசிப்பவர்களில் கீமோதெரபி எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். மாற்று உறுப்பு பொருத்தியவர்கள் இருப்பார்கள். 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது' என்ற உங்கள் கொட்டை எழுத்துத் தலைப்பை நம்பி அவர்களில் யாராவது வாங்கப் போகுமுன், அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடுங்கள். கடைசிப் பக்கத்தின் மூலையில் வேண்டாம். கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்