ஞாயிறு வாசிப்பு வட்டம்: இம்மாதம் இலக்கிய வகைகள்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இம்மாத வகுப்புகளில் கதை, பாட்டு, நாடகம், கடிதம், விடுகதை முதலிய இலக்கிய வகைகளைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தவிருக்கிறோம். வரையறைகளை மனப்பாடம் செய்ய வைப்பதாக இல்லை. பாட்டி சுட்ட வடையைக் காக்கை தூக்கிச் சென்ற கதையையே ஒரு வாரம் செய்தித்தாள் செய்தியாகவும், மறுவாரம் நரியும் காக்கையும் பேசும் நாடகக் காட்சியாகவும், அதற்கடுத்து ஊராட்சித் தலைவருக்குப் பாட்டி எழுதும் புகார்க் கடிதமாகவும் அவர்களே எழுதிப் பார்ப்பார்கள். நரியின் மனத்தில் ஓடியதைச் செய்தியில் எழுத முடியாது என்பதும், நாடகத்தில் அதை நரியே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும் என்பதும் எழுதும்போதே பிடிபட்டுவிடும்.

விடுகதையை வெறும் விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். தொல்காப்பியம் அதைப் 'பிசி' என்னும் பெயரால் பாட்டு, உரை முதலியவற்றோடு சேர்த்து ஏழு வகைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக எண்ணிப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழ் உண்டு. பத்துப் பருவங்களையும் நடத்தப் போவதில்லை. பாட்டுடைத் தலைவனான குழந்தையோடு விளையாட வருமாறு நிலாவைச் சாமம் (இன்சொல்), பேதம் (வேறுபாடு காட்டுதல்), தானம் (கொடுத்தல்), தண்டம் (மிரட்டல்) என்னும் நான்கு வழிகளிலும் அழைக்கும் அம்புலிப் பருவம் ஒன்றே போதும். கெஞ்சலும் மிரட்டலும் நம் பிள்ளைகளுக்குப் புதியவை அல்லவே!

உங்கள் வீட்டில் வழங்கும் தாலாட்டு ஒன்றையும் விடுகதை ஒன்றையும் தாத்தா பாட்டியின் குரலிலேயே பதிவுசெய்து, சனிக்கிழமை மாலைக்குள் இக்குழுவில் பகிருமாறு கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகள் எழுதியவற்றைத் திருத்தாமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள்.