மட்டையிலிருந்து மந்தைக்கு

ஐயா,

கிரிக்கெட் வீரர்கள் அரசியலுக்கு வருவது பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் ஆஸ்திரேலியாவின் ஜோ டார்லிங்கை விட்டுவிட்டீர்களே!

பள்ளி ஆட்டமொன்றில் 14 வயதிலேயே 252 ரன் குவித்த இடதுகை ஆட்டக்காரர் அவர். அந்தக் காலத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் சிக்ஸர் கிடையாது. மைதானத்தை விட்டே வெளியே போக வேண்டும். 1898 அடிலெய்டு டெஸ்டில் டார்லிங் அப்படி ஓர் அடி அடித்துத்தான் சதத்தையே தொட்டார். அப்புறம் 21 டெஸ்டுகளில் கேப்டன். 1902-ல் மான்செஸ்டரில் வெறும் 3 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்தை வீழ்த்தியது அவர் அணிதான்.

இத்தனை புகழுக்கு நடுவிலும் தானிய வியாபாரியான அப்பாவுக்கு மகன் மண்ணைக் கவனிக்க வேண்டும் என்பதே பிடிவாதம். ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெரிய ஆட்டுப்பண்ணைக்கு அனுப்பிவிட்டார். டார்லிங்கும் பேருக்குப் பண்ணையாராக இருக்கவில்லை. மேய்ச்சலைத் தின்று தீர்த்த முயல்களை ஒழிக்க வழி தேடினார், க்ளோவர் என்ற தீவனப் பயிரை வளர்த்துக் காட்டினார். நம் ஊர் ஆடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கவலை சொல்லாமலே புரியும்.

1921-ல் டாஸ்மேனியா மாநில மேலவைக்குப் போனார், அதுவும் சுயேச்சையாக. 1946-ல் இறக்கும்வரை உறுப்பினர். ஓய்வுக்கால மாலை மரியாதைக்காகப் போனவர் கால் நூற்றாண்டு அங்கே உட்கார்ந்திருப்பாரா என்ன? வீட்டிலோ பதினைந்து பிள்ளைகள். ஓர் அணியும் மிச்சமும்!

– ஒரு வாசகர், கோவில்பட்டி