நல்ல டிஸ்க்கை உருவச் சொன்னது நீங்கள்: ஒரு புகார் கடிதம்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: நான்கு டிஸ்க் நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) உங்கள் ஊழியர் சொன்னபடி செய்ததால் வால்யூம் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தச் சேமிப்பிடம்) சரிந்ததும், அந்தப் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடியதும் குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். போனில் சொல்லியாயிற்று, சேட்டில் எழுதியாயிற்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரிலும் வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து, “என்ன பிரச்சினை சார், முதலிலிருந்து சொல்லுங்கள்” என்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

என்னுடையது நான்கு டிஸ்க் போடும் மாடல். நான்கிலும் 4 டெராபைட், ரெய்டு 5, அதாவது நான்கையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்ற மூன்றிலிருந்து டேட்டாவை மீட்கும் முறை. வரிசை எண், ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு, வாங்கிய தேதி எல்லாம் உங்கள் பதிவில் இருக்கின்றன. ஒவ்வொரு புது டிக்கெட்டிலும் (புகார் பதிவிலும்) எழுதி எழுதி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

முதலில் வந்தது உங்கள் பெட்டி அனுப்பிய எச்சரிக்கை மெயில்தான். ஒரு டிஸ்க்கில் ஸ்மார்ட் பட்டியலின் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) 197-ஆம் எண் ஏறிக்கொண்டிருந்தது, அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கில் டேட்டா பதியும் சிறு துண்டுகள்) கூடிக்கொண்டே போயின. கூடவே 5-ஆம் எண்ணும், அதாவது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் கணக்கும், ஏறியது. டிஸ்க் இன்னும் சாகவில்லை, ரெய்டை விட்டு விலகவும் இல்லை. சாகும்வரை காத்திருக்காமல் முன்பே மாற்றிவிடலாம் என்றுதான் உங்களைக் கூப்பிட்டேன். பெட்டியைச் செய்தவர்களைவிட யாருக்கு அதைப் பற்றித் தெரியப்போகிறது என்ற நம்பிக்கை.

முதலில் பேசியவர் சாட்டா கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார். உங்கள் பெட்டியில் டிஸ்க்குக்குக் கேபிள் ஏது? ட்ரேயில் வைத்துத் தள்ளினால் பின்னால் இருக்கும் பலகையில் நேராகப் போய்ச் செருகிக்கொள்கிறது. அப்படிச் செய்து விற்றதே நீங்கள்தானே. இணைப்பில் கோளாறு என்றால் 199-ஆம் எண் ஏறியிருக்கும், எனக்கு அது பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றும் சொன்னேன். “சரி சார், எதற்கும் ஒருமுறை கேபிளை மாற்றிப் பாருங்கள்” என்றார்.

அடுத்து வந்தவர், நான் மாற்றுவதற்காக வாங்கி வைத்திருந்த 8 டெராபைட் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவது, தொடர்ந்து எழுதும்போது மெதுவாகிவிடும்) இருக்கும், அதனால்தான் பிரச்சினை என்றார். அந்த டிஸ்க் அப்போது உறைகூடப் பிரிக்காமல் மேசைமேல் இருந்தது! அதோடு அது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வகை) என்று அதன் விவரத்தாளிலேயே போட்டிருக்கிறது. நாஸுக்கென்றே விற்ற டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆரைப் போட்டு விற்ற கதை 2020-இல் வெளியே வந்ததிலிருந்து, விவரத்தாளைப் பார்க்காமல் நான் டிஸ்க் வாங்குவதில்லை.

இவர்களையாவது மன்னித்துவிடலாம். தெரியாவிட்டாலும் மரியாதையாகப் பேசினார்கள். அதற்கு அடுத்து சேட்டில் வந்தாரே ஒருவர், இந்தக் கடிதமே அவரால்தான். பெயரை இங்கே எழுதவில்லை, டிக்கெட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டதும் லாக் கோப்பை (பெட்டி தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு) அனுப்பினேன். பார்த்துவிட்டு, “மூன்றாவது டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைப் போடுங்கள்” என்று எழுதினார். எனக்குச் சந்தேகம். உங்கள் பெட்டி அனுப்பும் மெயிலிலும் லாக்கிலும் ‘டிஸ்க் 3’ என்று இருக்கிறது. உலாவியில் திறக்கும் நிர்வாகத் திரையில் அதே எச்சரிக்கை ‘டிஸ்க் 4’ என்பதற்கு நேரே நிற்கிறது. ஒன்று பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது, இன்னொன்று ஒன்றிலிருந்து எண்ணுகிறது என்பது என் ஊகம். பெட்டியின் முகப்பில் எண்ணே அச்சிடவில்லை. டிஸ்க் இன்னும் ரெய்டுக்குள்ளேயே இருந்ததால் நான்கு விளக்கும் பச்சையாகவே எரிந்தன. திரையைப் படம் எடுத்து அனுப்பி, இதில் எது சரி, வரிசை எண்ணை வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். டிஸ்க்கின் வரிசை எண் அதன் மேல் ஒட்டிய தாளில் இருக்கிறது. உருவினால்தான் தெரியும், உருவுவதுதான் ஆபத்து. அதனால்தான் முன்கூட்டியே கேட்டேன்.

அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன். “மூணுன்னா மூணு சார். எண்ணத் தெரியும்ல?”

இடப்பக்கத்திலிருந்தா என்று திரும்பவும் கேட்டேன். “ரெய்டு தெரியாதவங்க எல்லாம் ஏன் சார் இதை வாங்குறீங்க? உருவிட்டுச் சொல்லுங்க, எனக்கு வேற சேட் இருக்கு.”

உருவினேன். இடமிருந்து மூன்றாவது. பெட்டி கத்த ஆரம்பித்தது. வெளியே வந்த டிஸ்க்கின் வரிசை எண்ணைப் பார்த்தால், லாக்கில் ஒரு குறையும் இல்லாத டிஸ்க் அது. உடனே அவருக்கு எழுதினேன். “பரவாயில்லை, புதியதைப் போட்டு ரீபில்டு கொடுங்கள், தானாகச் சரியாகிவிடும்” என்றார். நல்ல டிஸ்க்கையே திரும்பச் செருகிவிடட்டுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரீபில்டு கொடுக்கும் வழிமுறைதான் மறுபடியும் வந்து விழுந்தது.

ரீபில்டு என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உருவியதில் இருந்த டேட்டாவைப் புதியதில் திரும்ப உருவாக்க, மிச்சம் இருக்கும் மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை படித்தாக வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் விடாமல் கிடைத்தாலும் 4 டெராபைட்டைப் படிக்க 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த மூன்றில் ஒன்று, படிக்கவே முடியாத செக்டர்களோடு கிடக்கும் அந்த நான்காவது டிஸ்க். ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத்தான் தாங்கும். அந்த ஒன்றை உங்கள் ஆள் ஏற்கெனவே உருவ வைத்துவிட்டார். விடியும் நேரத்தில் நான்காவது டிஸ்க்கும் கழன்றுகொண்டது. திரையில் சிவப்பில் ‘வால்யூம் சரிந்தது’.

நான் தூங்கவில்லை. சேட்டுக்குத் திரும்பப் போனால் அவர் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மூடியிருந்தார்.

எண்ணத் தெரியுமா என்று என்னைக் கேட்டார் அந்த மனிதர்! தன் நிறுவனத்துப் பெட்டி எந்த எண்ணிலிருந்து எண்ணுகிறது என்று தெரியாதவர்!

எனக்கு எத்தனை பெரிய இழப்பு தெரியுமா? எங்கள் குடும்பத்தின் மொத்தச் சரித்திரமும் அதில்தான் இருந்தது. குழந்தைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், அப்பாவின் குரல் பதிவுகள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன், வரிக் கணக்கு, ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பாட்டு. ஒரு தலைமுறையே துடைத்தெடுக்கப்பட்டுவிட்டது. (முக்கியமான சிலவற்றுக்கு வெளி டிஸ்க் ஒன்றில் நகல் இருப்பது உண்மைதான், ரெய்டு பேக்கப் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த நகல் பழையது. அதைச் சாக்காக வைத்து நீங்கள் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.)

சர்வீஸ் சென்டர் கதைக்கு வருகிறேன். சரிந்த பிறகு போனில் பேசியவர், “டிஸ்க்குகளோடு பெட்டியைக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருவார்கள்” என்று உறுதியாகச் சொன்னார். விடுப்புப் போட்டுவிட்டு, அசையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டோக்கன் வாங்கி மதியம்வரை காத்திருந்தேன். கூப்பிட்டதும் டிஸ்க்குகளைப் பார்த்தே கையை விரித்துவிட்டார்கள். “நாங்கள் பெட்டியை மட்டும்தான் பார்ப்போம், டேட்டாவுக்குப் பொறுப்பில்லை.” சரி, பெட்டியையாவது பாருங்கள் என்றேன். டிஸ்க்குகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வெறும் பெட்டியை ஆன் செய்தார்கள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்று சீட்டுக் கொடுத்தார்கள். அடி வாங்கியவனை விட்டுவிட்டு அவன் சட்டைக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.

போகிற போக்கில் அங்கே ஒரு பையன், “வேண்டுமானால் ஃபேக்டரி ரீசெட் செய்து, புதிதாக வால்யூம் போட்டுக் கொடுக்கட்டுமா அண்ணா?” என்றான். நல்லெண்ணத்தில் கேட்டான், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் தலையாட்டியிருந்தால் மிச்சம் இருக்கும் வாய்ப்பும் அன்றே போயிருக்கும். இப்படி ஒரு யோசனையை உங்கள் மேசையிலிருந்தே சொல்கிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வேறு யாராவது தலையாட்டியிருப்பார்கள்.

இன்னொன்றை முன்பே எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுவிட்டேன். நான் ஏன் 4-க்குப் பதில் 8 டெராபைட் வாங்கினேன்? இடம் குறைந்துகொண்டே வந்தது. எப்படியும் ஒன்றை மாற்றப்போகிறோம், மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாக 8 ஆக்கிவிடலாம், கடைசி டிஸ்க்கும் மாறியதும் இடம் விரியும் என்பது கணக்கு. வாங்குவதற்கு முன்பே உங்கள் விற்பனைப் பிரிவை எழுதிக் கேட்டேன். “ஆம், விரியும்” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதை நம்பி நான்கு டிஸ்க்குகளையும் சேர்த்து வாங்கிவிட்டேன். இப்போது, எல்லாம் முடிந்த பிறகு, மேல்நிலைப் பிரிவிலிருந்து ஒருவர் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்: என் வால்யூம் பழைய ஃபர்ம்வேரில் உருவாக்கியதாம், அதன் கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) 32 பிட் முகவரியோடு அமைந்த எக்ஸ்ட்4-ஆம், 16 டெராபைட்டைத் தாண்டாதாம், தாண்ட வேண்டுமென்றால் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டுமாம். நான்கு 8 டெராபைட் ரெய்டு 5-இல், ஒன்றின் அளவு பாதுகாப்புக்குப் போக, 24 டெராபைட் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு வீண். இந்த வரம்பு உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்படியானால் “ஆம், விரியும்” என்று எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லையா?

ரீபில்டு நடக்கும் நேரம் முழுக்கப் பாதுகாப்பில்லாத நேரம். நான்கையும் மாற்ற நான்கு முறை அந்தக் கண்டத்தைத் தாண்டியிருப்பேன். கடைசியில் கிடைத்திருக்கப்போவது 16-இல் நின்றுபோன வால்யூம்.

கோபத்தில் எழுதியதில் ஏதாவது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியை நானே நண்பர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். இத்தனை காலம் நன்றாகத்தான் ஓடியது. சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. இன்னும் வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று உருவிய மூன்றாவது டிஸ்க்கை நான் எதிலும் செருகவில்லை, அப்படியே இருக்கிறது. அதில் இருப்பது நல்ல டேட்டா. அது வெளியே வந்த நேரத்திலிருந்து நான்காவது கழன்ற நேரம்வரை வீட்டில் யாரும் அந்த வால்யூமில் எதையும் சேமிக்கவில்லை. உள்ளே ஓடுவது லினக்ஸில் உள்ள ரெய்டு மென்பொருளான எம்டி ரெய்டுதான் என்பது உங்கள் லாக்கிலேயே தெரிகிறது. நான்காவதை முடிந்த அளவு செக்டர் செக்டராக நகலெடுத்து, மற்றவற்றையும் நகலெடுத்து, புதிதாகப் போட்டதை ஒதுக்கிவிட்டு, முதல் மூன்று டிஸ்க்கின் நகல்களை மட்டும் வைத்து வலுக்கட்டாயமாகச் சேர்த்து, படிக்க மட்டும் திறந்தால் பெரும்பகுதி கிடைக்கும். இதை நானே செய்துவிடலாம். ஆனால் கை தவறினால், “நீங்களே தொட்டுவிட்டீர்கள், வாரண்டி இல்லை” என்பீர்கள். அதற்கு இடம் கொடுக்க மாட்டேன்.

ஆகவே, மேலே சொன்ன முறையை அறிந்த ஒரு பொறியாளரை, கால் சென்டர் ஆளை அல்ல, உங்கள் செலவில் ஏற்பாடு செய்து தாருங்கள். நகலெடுக்கத் தேவையான டிஸ்க்குகளும் உங்கள் பொறுப்பு. அன்றைய சேட் பதிவின் முழுப் பிரதி எனக்கு வேண்டும். என்னிடம் படங்கள் இருக்கின்றன, உங்களிடம் இருப்பதும் அதேதானா என்று பார்க்க வேண்டும். மூடிய டிக்கெட்டைத் திறந்து, ‘தீர்க்கப்பட்டது’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். விரியும் என்று சொல்லி வாங்க வைத்த டிஸ்க்குகளில் உறை பிரிக்காத மூன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது என் டேட்டாவை வெளியே எடுத்த பிறகு 64 பிட் வால்யூமாகப் போட்டு, பழையதை அதில் ஏற்றித் தாருங்கள். அந்தச் சேட் ஊழியர் என்னிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் கேட்பது வேண்டாம்.

மெயிலில் ஓர் எண், திரையில் இன்னோர் எண் என்று வருவதை அடுத்த ஃபர்ம்வேரிலாவது சரிசெய்யுங்கள். முகப்பில் ஓர் எண்ணை அச்சிட எவ்வளவு செலவாகிவிடும்?

7 வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால் சேட் படங்கள், உங்கள் விற்பனைப் பிரிவின் மெயில், ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்ற சீட்டு மூன்றையும் இணைத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். டேட்டாவுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்து அங்கே நான் கேட்கப்போகும் தொகை, ஒரு பொறியாளரை அனுப்புவதற்கு ஆகும் செலவைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும். அந்த நிலைக்குப் போகாமல் முடித்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: ‘எங்கள் சேவை எப்படி இருந்தது, 5 நட்சத்திரம் தாருங்கள்’ என்று நேற்றும் ஒரு மெயில் வந்திருக்கிறது. இந்தப் புகார் முடியும்வரை தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள்.