அபராதமும் பிடிவாரண்டும்: உயர் நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் மாண்பமை தலைமை நீதிபதி அவர்களுக்கும் மாண்பமை நீதிபதிகளுக்கும் வணக்கம்.

பத்தொன்பது ஆண்டுகளாக வழக்கறிஞர் குமாஸ்தாவாக நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்ற வராந்தாக்களில் நின்று பழகியவன் நான். ஒரு வாய்தாவுக்கு வரத் தவறியவர்களையும் அபராதம் கட்டப் பணமில்லாதவர்களையும் இந்நீதிமன்றங்கள் நடத்தும் முறை மாற வேண்டும் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

குழாயடிச் சண்டை வழக்கொன்றில் சேர்க்கப்பட்டிருந்த சித்தாள் பெண் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. நீதிமன்ற ஊழியரான டவாலி மூன்று முறை அவர் பெயரைக் கூப்பிட்டபோது மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை. பேருந்தைத் தவறவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்தவரிடம், "உங்களுக்கு வாரண்ட் ஆயிடுச்சும்மா" என்று சொன்னவன் நான்தான். அவர் கையிலிருந்த மஞ்சள் பையில் அழைப்பாணையும், முந்தைய நாள் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த அரசு மருத்துவமனைச் சீட்டும் இருந்தன. அந்தச் சீட்டை யாரும் கேட்கவில்லை. அவருடைய வழக்கறிஞர் வேறு ஊர் நீதிமன்றத்தில் இருந்ததால் அன்றே மனுப் போட முடியவில்லை. மறுவாரம் வாரண்டை நீக்கக் கேட்கும் ரீகால் மனு, வராததற்காக நீதிமன்றம் கட்டச் சொன்ன செலவுத்தொகை, ரேஷன் அட்டையோடும் வீட்டுவரி ரசீதோடும் இரண்டு ஜாமீன்தார்கள், அவர்களுக்கு ஒரு நாள் கூலி என்று எல்லாவற்றுக்கும் அவர் வட்டிக்கு வாங்கினார். கடைசியில் வழக்கு 500 ரூபாய் அபராதத்தோடு முடிந்தது.

முதலில் அழைப்பாணை, அதற்கு வராவிட்டால் ஜாமீனில் விடத்தக்க வாரண்ட், அதையும் மீறினால்தான் பிடிவாரண்ட் என்ற படிநிலையை, இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் 2007-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. ஆனால் சிறு வழக்குகளில், பெயர் கூப்பிட்டு ஆள் வராத அந்த நிமிடமே பிடிவாரண்ட் என்று எழுதப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீதிமன்றம் நீக்கும் வரையிலோ நிறைவேற்றப்படும் வரையிலோ வாரண்ட் உயிரோடு இருக்கும் என்பதால், தன் பெயரில் அப்படியொன்று இருப்பதே தெரியாமல் ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர், ஆண்டுகள் கழித்து ஒரு நள்ளிரவில் பிடிபடுகிறார்.

செலவுத்தொகையிலும் நியாயம் ஒருபக்கமாகவே இருக்கிறது. வழக்கைத் தள்ளிவைக்கும்போது அரசுத் தரப்பையோ எதிரியையோ (குற்றம் சாட்டப்பட்டவரையோ) செலவுத்தொகை கட்டச் சொல்லலாம் என்றுதான் சட்டம் கூறுகிறது. சாட்சி வரவில்லை, விசாரணை அதிகாரி வரவில்லை என்று வழக்கு தள்ளிப்போன எத்தனையோ நாட்களில் எதிரியின் கூலி போயிருக்கிறது. அதற்காக அரசுத் தரப்பு ஒரு ரூபாய் கட்டியதையும் நான் பார்த்ததில்லை.

அபராதத்தைப் பொறுத்தவரை சட்டத்தில் இரக்கத்துக்கு இடமில்லாமல் இல்லை. அபராதம் மட்டுமே தண்டனையாக விதிக்கப்பட்டு, அதை உடனே கட்ட இயலாதவருக்கு 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணைகளோ கொடுக்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424-ஆவது பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் அந்த வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, குடிபோதையில் பொது இடத்தில் முறைகேடாக நடப்பது போன்ற சில குற்றங்களுக்குச் சமூக சேவையையும் தண்டனையாக வைத்திருக்கிறது. இருந்தும் கூண்டில் நிற்பவரிடம் கேட்கப்படுவது "கட்டுறியா, உள்ளே போறியா" என்பதுதான். தவணை கேட்கலாம் என்று அவருக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இல்லை. அபராதம் கட்ட முடியாத ஏழைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை உதவும் ஒன்றிய அரசின் திட்டம் 2023-இல் வந்தது உண்மைதான், ஆனால் அது சிறைக்குள் போனவருக்கானது. போகும் முன்பே அவருடைய வருமானத்தைக் கேட்பதற்குப் பணம் எதுவும் தேவையில்லை.

அரசியலமைப்பின் 227-ஆவது உறுப்பு தங்களுக்கு அளித்திருக்கும் மேற்பார்வை அதிகாரத்தைக் கொண்டு எல்லா நடுவர் நீதிமன்றங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறேன். அபராதம் விதிக்கும்போது தவணை வசதியை நடுவரே தமிழில் எடுத்துச் சொல்லவும், கட்ட முடியுமா என்று கேட்ட விவரத்தை உத்தரவிலேயே பதியவும், அழைப்பாணையின் பின்பக்கத்தில் இலவச சட்ட உதவி மையத்தின் தொலைபேசி எண்ணை அச்சிடவும் அதில் வழிசெய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, காலையில் வராதவரின் பெயரை மாலை நீதிமன்றம் கலைவதற்குள் இன்னொரு முறை கூப்பிடாமல் எந்தச் சிறு வழக்கிலும் பிடிவாரண்ட் எழுதக்கூடாது என்று உத்தரவிட வேண்டுகிறேன்.

பணிவுடன்,
ஒரு வழக்கறிஞர் குமாஸ்தா