பிரியதத்தத்தினாலே

இராயபுரம்,
மே மாதம், சனிக்கிழமை இரவு

அன்புள்ள ஸ்டெல்லா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் இவர் கூப்பிடுவார், எழுந்து போய்விடுவேன். இன்று சீக்கிரம் தூங்கிவிட்டார். நேரம் கிடைத்தது.

முதலில் ஊர்ச் செய்தி. மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஜூன் 14 வரை காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு, மத்தி வாங்கிக்கொண்டு வந்தேன். கோயிலில் பாட்டு வரிகளைத் திரையில் போடுகிறார்கள் என்று நீ புலம்பியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். ஆனால் கண்ணாடி இல்லாமலே எனக்கு எழுத்து தெரிகிறது, அதனால் நான் கட்சி மாறிவிட்டேன்.

இவருக்குத் தவக்காலத்தில் பக்கவாதம் வந்ததை ஃபோனில் சொன்னேன் அல்லவா? கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, பேச்சுதான் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் “அது, அது” என்று கையைக் காட்டுவார். அக்கம்பக்கத்தார் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எழுந்தால் கால் மணி நேரம் நிறுத்தாமல் செபிக்கிற மனுஷன். வறுவல் ஆறிப்போகிறது என்று நாமெல்லாம் கண்ஜாடை காட்டுவோமே, அவர்தான்.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் ஒரு ராத்திரி, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று பாதியைச் சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினேன். இருட்டிலிருந்து குரல் வந்தது: “அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக...” சின்ன வயதில் படித்த பழைய செபத்தமிழ், ஒரு எழுத்து பிசகவில்லை. மரண நேரம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, தானே திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். கையிலிருந்த மாலை நழுவிக் கீழே விழுந்தது, ஸ்டெல்லா.

ஸ்பீச் தெரபி கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். இது நிறையப் பேருக்கு உண்டாம். புதிதாக ஒரு வாக்கியம் கோர்த்துப் பேசுவது வேறு, சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக வருவது வேறு. பேச்சு போனவர்கள்கூடப் பாடுவார்கள், ஒன்று இரண்டு எண்ணுவார்கள், செபம் சொல்வார்கள் என்றாள்.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. நான் மறைக்கல்வி டீச்சராக எப்படி ஆடினேன் என்று உனக்குத் தெரியும். 1995-இல் புதிய தமிழில் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்தபோது ஏதோ நானே உட்கார்ந்து மொழிபெயர்த்த மாதிரி பெருமை. பூசை என்றால் திருப்பலி என்று திருத்துவேன், இஸ்பிரீத்து சாந்து என்றால் தூய ஆவி என்பேன். என் மாமியார் “அருள் நிறைந்த மரியே” என்பதைப் பழையபடி “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே” என்று ஆரம்பித்தாலே முகம் சுளிப்பேன். “உன் மரி வேற, என் மரியாயி வேறயாடி?” என்று ஒரே வரியில் அடக்கிவிட்டார் கிழவி. 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், செபமாலையில் தியானிக்கிற நிகழ்ச்சிகளோடு ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தார். வியாழக்கிழமை இனி இதுதான் என்று நான் நோட்டீஸ் மாதிரி வாசித்தேன். மாமியார் சாகும்வரை வியாழக்கிழமையும் பழைய வழக்கப்படி சந்தோஷ தேவ இரகசியமே சொன்னார். நான் வளர்ந்துவிட்டேன், அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இனி நீ எழுதிய விஷயம். முன்பெல்லாம் நற்கருணை முன்னால் உட்கார்ந்தால் கண்ணீர் வரும், இப்போது மனம் கட்டாந்தரையாகக் கிடக்கிறது, பின்னால் போகிறேனோ என்று கேட்டிருந்தாய். ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி, புனித அவிலா தெரேசம்மாள் கதையைச் சொல்கிறேன். 1970-இல் திருச்சபை மறைவல்லுநர் பட்டம் கொடுத்த முதல் பெண் அவர். அவரே பல வருஷம் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததாக எழுதியிருக்கிறார். கையில் புத்தகம் இல்லாமல் செபிக்க உட்காரவே பயப்படுவாராம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, நிம்மதியும் வந்தது.

செபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாக அவர் சொல்கிறார். முதலில் கிணற்றிலிருந்து கையால் இறைப்பது, அடுத்து வாளி கட்டிய சக்கரம், பிறகு ஆறு, கடைசியில் மழை. நம் தெருவுக்கு இதை விளக்கவா வேண்டும்? விடியற்காலை மூன்று மணிக்கு அடிபம்பில் நீ அடிக்க நான் குடம் மாற்றி வைத்த கை இன்னும் வலிக்கிறது. குடத்தில் பாதி காற்றுதான் வரும். அப்புறம் லாரி வந்தது, குழாய் வந்தது. மீஞ்சூர் பக்கம் ஆலை வைத்துக் கடல் தண்ணீரையே குடிதண்ணீர் ஆக்கினார்கள். ஆனால் குழாய் வந்துவிட்டதே என்று யாராவது குடத்தைத் தூக்கிப் போட்டோமா? 2019-இல் மறுபடியும் அதே குடங்களோடு வரிசையில் நின்றோம். தெரேசம்மாளும் இதை விடவில்லை. எவ்வளவு உயர்ந்த நிலைக்குப் போனவரும் அடிக்கடி ஆரம்பத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார். அதனால் உன் கட்டாந்தரையைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. கண்ணீர் வந்த காலத்தில் நீ செபித்தாய், வராத காலத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறாய். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது என் செபம் என்ன தெரியுமா? செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் முடிப்பதே இல்லை. பத்து மணிகளை உருட்டவே அரை மணி நேரம் ஆகிறது. அவர் வேகத்துக்கு நான் நிற்கிறேன். முதல் பாதியை நானும் பழையபடியே சொல்கிறேன், “பிரியதத்தத்தினாலே” என்று. அந்த ஒரு வார்த்தையைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு நாலு நாள் பிடித்தது. மாமியார் படத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு உதவி. உன் அம்மாவின் பழைய செபப் புத்தகம் பச்சை அட்டையோடு உன்னிடம்தானே இருக்கிறது? அதில் மாதாவை நோக்கிச் சொல்கிற கிருபை தயாபத்து செபம் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. இவர் அதை ஆரம்பித்து, “இந்தக் கண்ணீர்க் கணவாயிலே” வரைக்கும் வந்து நின்றுவிடுகிறார். அடுத்த வரியை நான் எடுத்துக் கொடுப்பேன் என்று என் முகத்தையே பார்க்கிறார். எனக்குத் தெரியவில்லை.

உன்
ஃபிலோ