நாள் கணக்கு சரி, மணிக் கணக்கு எங்கே? டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் காலை ஆறு மணிக்கே ஊர் முழுக்க ஒரே கேள்விதான்: இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, லீவா? உங்கள் அறிவிப்பு வருகிறது. விட்ட நாளைப் பிறகு ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்டுகிறோம். ஆண்டு முடிவில் வேலைநாள் கணக்கு சரியாக நிற்கிறது. அந்த நாட்களுக்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடந்தது என்று மட்டும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இரண்டு அளவுகளைச் சொல்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 கற்பித்தல் மணி. ஆறு முதல் எட்டு வரை 220 வேலைநாள், 1000 கற்பித்தல் மணி. இரண்டையும் எட்டினால்தான் குறைந்தபட்சம் நிறைவேறியது என்று பொருள். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதல் எண்ணைக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். (எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தச் சட்டம் வராது என்பதால் அங்கே இந்தக் கேள்விகூட இல்லை, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். 40 நிமிடப் பாடவேளை எட்டு என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 5 மணி 20 நிமிடம். 220 நாளுக்கு 1173 மணி. ஆயிரம் போக 173 மணி மிச்சம். தாளில் பார்த்தால் 188 நாளிலேயே ஆயிரம் மணி முடிந்துவிடுகிறது. இந்த மிச்சத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மெத்தனமாக இருக்கிறோம். பாடவேளைக்கு ஏழு நிமிடம் வீணானால் நாளைக்கு 56 நிமிடம். மீதி 4 மணி 24 நிமிடம், 220 நாளுக்கு 968 மணி. மழைக்கு ஒரு நாள்கூட விடாமலே ஆயிரத்துக்குக் கீழே வந்தாயிற்று. பருவத் தேர்வுகளுக்கு மொத்தம் 20 நாள் போகிறது என்றால் 880 மணிதான்.

ஏழு நிமிடம் என்பது மிகைப்படுத்தல் இல்லை. ஆறாம் வகுப்பில் பாடம் முடித்த ஆசிரியர் பின்கட்டில் இருக்கும் எட்டாம் வகுப்புக்கு நடந்து வர இரண்டு நிமிடம். கரும்பலகையைத் துடைத்து, முந்தைய பாட நோட்டை உள்ளே வைக்கச் சொல்லி, அடுத்த நோட்டை எடுக்கச் சொல்லி, சத்தம் அடங்க இன்னொரு மூன்று நான்கு நிமிடம். முதல் பாடவேளை இன்னும் மோசம். இறைவணக்கக் கூட்டம் பத்து நிமிடம் நீண்டால் அது அப்படியே முதல் பாடத்தின் தலையில் விழும். அந்தப் பாடவேளை பெரும்பாலும் தமிழாகவோ கணக்காகவோ இருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு ஏறவில்லை என்றால் ஆசிரியர் சிக்னல் தேடி மைதானத்துக்குப் போவார். ஒற்றைப் பேருந்து வரும் ஊரில் அது பதினைந்து நிமிடம் தாமதமானால் பாதி வகுப்பு இல்லாமலே பாடம் தொடங்கும், வந்தவர்களுக்காக மறுபடி தொடங்கும்.

மதியம் முதல் பாடவேளை போவதற்குக் காரணம் தண்ணீர்க் குழாய் என்றால் சிரிப்பீர்கள். 180 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளியில் தட்டு கழுவ ஆளுக்கு 40 விநாடி ஆகும். இரண்டு குழாய்தான் ஓடுகிறது என்றால் கடைசிப் பிள்ளை கழுவி முடிக்க ஒரு மணி நேரம். ஆறு குழாய் இருந்தால் 20 நிமிடம். ஒரு நீளத் தொட்டி கட்டி நான்கு குழாய் கூடுதலாகப் போடுவது கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் சில நாள் வேலை. நாளைக்கு ஒரு பாடவேளையை மீட்டுத் தரும் இதைவிட மலிவான திட்டம் எங்களுக்குத் தெரியவில்லை. காலை உணவுத் திட்டம் அப்படிச் செய்து காட்டியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25-இல் நம் திருக்குவளையில் தொடங்கித்தான் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. சாப்பாட்டுக்காகச் சீக்கிரம் வரும் பிள்ளை முதல் மணிக்கு வகுப்பில் இருக்கிறது.

ஈராசிரியர் பள்ளிகளின் கணக்கு தனி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்ட அளவு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், நாளைக்கு 320 நிமிடம். வகுப்புகளைச் சேர்க்காமல் பாடம் நடத்தினால் ஒரு வகுப்புக்கு நேரடியாகக் கிடைப்பது 128 நிமிடம். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் 64. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதால் இது ஓரளவு தாங்குகிறது. ஆனால் ஒரே ஆசிரியர் மூன்று நிலைக்கும் ஓடும் நாளில் முதல் படியான அரும்பு நிலைப் பிள்ளைக்குத்தான் நேரம் குறையும், அதற்குத்தான் நேரம் அதிகம் வேண்டும். பதிவேட்டிலோ அன்றைக்கு முழு வேலைநாள்.

ஆசிரியரை வெளி வேலைக்கு அனுப்புவதற்குச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மூன்றே விதிவிலக்கு தருகிறது: பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நாளிலும்தான் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இலேயே சொல்லிவிட்டது. ஈராசிரியர் பள்ளியில் இருவருக்கும் ஒரே வாரத்தில் வேலை ஒதுக்கும் பட்டியலைத் தயாரிப்பவர், பள்ளிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி மழை. ஆண்டுக் கணக்கில் ஆறு நாள் போனால் 220-இல் அது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. அதனால் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் அந்த ஆறு நாளும் இரண்டாம் பருவத்தில்தான் விழுகின்றன. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பது முதல் அரையாண்டுத் தேர்வு வரை ஏறக்குறைய பதினோரு வாரம். அதில் தீபாவளி, உள்ளூர் விடுமுறை, தேர்வு நாட்கள் போக, பாடம் நடத்தக் கிடைப்பது 40 நாள் என்று வையுங்கள். ஆறு நாள் என்பது அதில் 15 விழுக்காடு. முதல் பருவப் புத்தகமும் மூன்றாம் பருவப் புத்தகமும் தப்பித்துவிடும், நடுப் புத்தகம் மட்டும் அரைகுறையாக முடியும். அடுத்த வகுப்புக்குப் போன பிறகும் பிள்ளைக்குத் தெரியாமல் நிற்பது எந்தப் பாடம் என்று பார்த்தால் பெரும்பாலும் நவம்பர் மாதத்துப் பாடமாக இருக்கும்.

ஈடுகட்டும் சனிக்கிழமை எப்போது வருகிறது? தை, மாசியில். அன்றைக்கு மூன்றாம் பருவப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும். நவம்பரில் விட்டதைப் பிப்ரவரியில் பிடிக்க முடியாது. எந்தக் கிழமையின் அட்டவணை என்று சுற்றறிக்கையில் சொல்லிவிடுகிறீர்கள், நல்லது. எந்தப் பருவத்தின் பாடம் என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை வேலைநாள் என்ற தகவல் காலை உணவுச் சமையலுக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் போக்குவரத்துக் கிளைக்கும் வியாழக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வருகை சரியும். பாதிப் பேர் வந்த வகுப்பில் புதுப் பாடம் எடுக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது. திருப்புதல் என்று எழுதிவிட்டு நாளை ஓட்டுவார்கள்.

ஆகவே ஈட்டை முன்கூட்டியே கட்டச் சொல்கிறோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்று நம்பித்தான் இங்கே நாற்றங்கால் விடுகிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வரும் என்பதும் அதைப்போலத் தெரிந்த சங்கதிதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஐந்து சனிக்கிழமைகளை வேலைநாளாக வைத்து, முதல் பருவப் பாடத்தை ஐந்து நாள் முன்னதாக முடியுங்கள். இரண்டாம் பருவப் புத்தகம் அவ்வளவு நாள் முன்பே கைக்கு வர வேண்டும் என்பது இதில் உள்ள ஒரே சிக்கல். மழை ஐந்து நாளையும் எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். எடுக்காவிட்டால் மிஞ்சிய நாட்களை ஜனவரியில் விடுமுறையாகத் திருப்பிக் கொடுங்கள்; ஆசிரியர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

விடுமுறையை மாவட்டம் முழுமைக்கும் விடாமல் வட்டவாரியாக விடுங்கள். சேதுபாவாசத்திரம் கடற்கரையில் கொட்டும் அன்று பூதலூரில் வெறும் தூறலாக இருக்கும். சில நாள் அப்படியும் அறிவிக்கிறீர்கள், அதையே வழக்கமாக்கலாம். முடிவு காலை ஆறு மணிக்குள் வரட்டும். ஏழரைக்கு வரும் அறிவிப்பு, பேருந்து ஏறிவிட்ட பிள்ளையை நனைந்துகொண்டு திரும்ப வைக்கிறது.

மாவட்டம் திறந்த பிறகும் திறக்காத பள்ளிகள் சில உண்டு. நிவாரண முகாமாக இருந்தவை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் இதை நாகை மாவட்டம் நன்றாக அறியும். முகாம் கலைந்தாலும் வகுப்பறையைக் கழுவி, கழிவறையைச் சரிசெய்து, நனைந்த புத்தகங்களை மாற்ற இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். அந்த நாட்கள் மாவட்ட விடுமுறைக் கணக்கில் இல்லாததால் ஈடும் கிடையாது. சமுதாயக் கூடம், திருமண மண்டபம், புயல் பாதுகாப்பு மையம் என்று முகாம் பட்டியலில் பள்ளிக்கு முன்னால் வைக்க இடங்கள் இருக்கின்றன. பள்ளியைத்தான் எடுக்க வேண்டும் என்றால் அந்தப் பள்ளிக்கு மட்டும் தனி ஈட்டு நாள் ஆணை கொடுங்கள்.

சட்டம் பள்ளிக் கட்டடத்தை எல்லாப் பருவத்துக்கும் ஏற்றதாகக் கேட்கிறது. பல ஊர்களில் கட்டடம் தாங்குகிறது, வளாகம் தாங்குவதில்லை. சாலை போடும்போதெல்லாம் தார் மேல் தார் ஏறி, பள்ளி மைதானம் பள்ளமாகிவிட்டது. நாலு மணி நேர மழைக்கு முழங்கால் தண்ணீர். வெளியேற வேண்டிய வாய்க்காலில் ஆகாயத்தாமரை. புரட்டாசிக்குள் வாய்க்காலைத் தூர்வாரி முடிக்க உள்ளாட்சிக்கு ஆணையிடுங்கள். மேடான ஒரு நடைபாதையும், அவசரத்துக்கு வாடகை டீசல் என்ஜின் ஒன்றும் இருந்தால் மழை விட்ட மறுநாளே பள்ளி நடக்கும்.

உள்ளூர் விடுமுறைகளைப் பற்றி எங்களுக்கு வழக்கு இல்லை. ஆரூர்த் தேருக்கும், நாகூர்க் கந்தூரிக்கும், பெரிய கோயில் சதய விழாவுக்கும், மயிலாடுதுறைக் கடைமுகத்துக்கும் பள்ளி வைத்தால் வகுப்பில் யார் இருக்கப் போகிறார்கள்? அவை தேதி தெரிந்த விடுமுறைகள், ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையில் அடங்கும். மார்ச் மாதம்தான் கவனிக்கப்படுவதில்லை. பொதுத்தேர்வு மையமாகும் பள்ளிகளில் கீழ் வகுப்புகளுக்குப் பல நாள் மதியம் மட்டும்தான் பள்ளி. அதுவும் முழு நாளாகவே எழுதப்படுகிறது.

எழுதுவதை மாற்றினால் மற்றவை பின்னால் வரும். வகுப்புக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனையாவது பாடவேளை, என்ன பாடம், எத்தனை நிமிடம் போனது, ஏன், எப்போது ஈடு என்று ஆறு பத்திகள். பத்து நிமிடத்துக்கு மேல் போனதை மட்டும் வகுப்பாசிரியர் எழுதட்டும், சின்னச் சின்னதை எழுதப் போனால் எழுதுவதற்கே இன்னொரு பாடவேளை போகும். காரணத்துக்கு மழை, பேருந்து, பயிற்சி, வெளிவேலை, உணவு, தேர்வு, ஆசிரியர் விடுப்பு என்று ஒற்றைச் சொல் போதும். மாதக் கடைசியில் தலைமையாசிரியர் கூட்டிப் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கட்டும். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தயவுசெய்து இதை இன்னொரு செயலியாக்கிவிடாதீர்கள். ஆசிரியரைத் தண்டிக்கும் ஆவணமாகவும் ஆக்க வேண்டாம். ஆக்கினால் முதல் மாதத்திலேயே எல்லா நோட்டிலும் சுழியம்தான் இருக்கும்.

வருகிற கல்வியாண்டில் வட்டாரத்துக்குப் பத்துப் பள்ளி என்று தொடங்கலாம்: ஈராசிரியர் பள்ளி நான்கு, நடுநிலைப் பள்ளி மூன்று, தேர்வு மையமாகும் பள்ளி ஒன்று, கடந்த மழையில் முகாமாக இருந்த பள்ளி இரண்டு. ஜூன் முதல் வாரத்திலேயே நோட்டைக் கொடுத்துவிடுங்கள். கடைமடை ஊர்ப் பள்ளிகள் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். தண்ணீர் போலவே சுற்றறிக்கையும் அங்கே கடைசியாகத்தான் வந்து சேர்கிறது.

இப்படிக்கு,
நான்கு மாவட்டப் பள்ளிகளிலும் கால அட்டவணை போட்டுப் பழகிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்