ரங்கூனிலிருந்து சண்முகத்துக்கு, ஒரு சிடி பிளேயர் விவகாரம்

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள். பதில் போடவில்லை என்று திட்டி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், நெட் ஒழுங்காக இருந்த ஒரு ராத்திரியில் முழுசாக வந்து சேர்ந்தது. கடைசியில் சொன்னாயே, அந்த வார்த்தையைப் பேரன் பக்கத்தில் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டாம். பெரியகருப்பன் சார் இருந்திருந்தால் உன்னை இன்றைக்கும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாராண்ட்ஸ் செத்துப்போச்சு. உன் அப்பா பர்மா பஜார் கடையில் பழைய வேட்டியில் சுற்றி, "யார் கேட்டாலும் மிக்ஸி என்று சொல்லு" என்று கையில் கொடுத்தாரே, அதே சிடி-63. இத்தனை வருஷம் உழைத்ததே பெரிய காரியம். முதலில் கடைசிப் பாட்டுகளில் மட்டும் திக்கியது. அப்புறம் டிஸ்கைச் சுற்றும், யோசிக்கும், "நோ டிஸ்க்" என்று காட்டிவிட்டு நின்றுவிடும். இங்கே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். லேசர் ஹெட்டை மாற்றினான். ஒரிஜினல் என்று சத்தியம் பண்ணினான். மழை தொடங்கியதும் அதுவும் படுத்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால், "அங்கிள், உங்க சிடிதான் பழசு" என்கிறான். நானும்தான் பழசு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. கமலா கோபத்தில் இருக்கிறாள். காளி கோயிலுக்குப் போனால்கூட அம்மனிடம் எந்த பிளேயர் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு நிற்பேன் என்கிறாள். கேட்டது உண்மைதான், அம்மன் பதில் சொல்லவில்லை.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். "போனில் எல்லாப் பாட்டும் இருக்கு, எதுக்குடா டிஸ்க்?" உங்கள் ஊரில் அது சரி. இங்கே நெட் வரும்போது கரண்ட் போயிருக்கும், கரண்ட் வரும்போது நெட் போயிருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு மோட்டார் போட்டு தண்ணீர் ஏற்றி, சோறு வடித்து, துணி துவைத்து முடிக்கவே நேரம் சரியாகிவிடும். அலமாரியில் இருக்கும் டிஸ்க் யாருடைய தயவுக்கும் காத்திருக்காது. ஒரு பேட்டரி போதும்.

உன் அடுத்த கேள்வியும் தெரியும். "எல்லாம் ஒண்ணும் சைபரும்தானே, ஐயாயிரம் ரூபாய் பிளேயர் படிப்பதும் ஐந்து லட்சம் ரூபாய் பிளேயர் படிப்பதும் ஒன்றுதானே?" இதில் பாதிக்கு மேல் உன் பக்கம்தான் நியாயம். சிடியில் சத்தத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாகப் பதிகிறார்கள். கீறல் விழுந்தாலும், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அடியோடு போனாலும், மீதியை வைத்துக் கணக்குப் போட்டு அப்படியே மீட்டுவிடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் நல்ல நிலையில் இருக்கும் டிஸ்கை ஓட்டை பிளேயரும் சரியாகவே படிக்கும். வித்தியாசம் அதற்கு அப்புறம் வருகிறது. எண்ணை மறுபடி சத்தமாக்கும் சர்க்யூட், அதற்குப் பின்னால் வரும் அனலாக் பகுதி, பவர் சப்ளை. அங்கேயும் வித்தியாசம் சிறியதுதான். ஸ்பீக்கரை ஓர் அடி நகர்த்தினால் இதைவிடப் பெரிய மாற்றம் கேட்கும். என் ஹாலை நீ பார்த்ததில்லை. ரயில் பெட்டி மாதிரி நீளம், தரை முழுக்க டைல்ஸ், தும்மினால் நாலு தடவை கேட்கும். சிடியின் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி என்று பெருமையாகச் சொல்வார்கள். கீழே தெருவில் மூன்று கடை ஜெனரேட்டர் ஓடும்போது அதில் பாதி அந்தப் புகையிலேயே கரைந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு நல்ல மெஷின்தான் வேண்டும், சண்முகம். வயசு காலத்தில் ஆசைக்குக் கணக்கு கேட்காதே. நீ அறுபதில் புல்லட் வாங்கினபோது நான் ஏதாவது கேட்டேனா?

போன மாதம் காதர் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய சாமான் கடை. சைக்கிள், தையல் மெஷின், ரைஸ் குக்கர், குழந்தைகள் உட்காரும் நாற்காலி. இவற்றுக்கு நடுவே ஒரு எசோடெரிக் கே-03. எனக்குக் கால் ஓடவில்லை. எசோடெரிக் என்பது டியாக் கம்பெனியின் மேல்தட்டுப் பெயர், 1987-ல் தொடங்கியது. அவர்களுடைய வித்தையே டிரைவ்தான். விஆர்டிஎஸ் என்பார்கள். மற்ற பிளேயரில் டிஸ்கை நடுவில் மட்டும் பிடித்துச் சுற்றுவார்கள், ஓரம் ஆடும். இதில் டிஸ்க் அளவுக்கே ஒரு தட்டு இருக்கிறது, டிஸ்கை முழுசாக அதோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் வளைந்த டிஸ்க்கும் தட்டையாகிவிடும். லேசர் டிஸ்கைத் துரத்திக்கொண்டு மேலும் கீழும் ஓட வேண்டிய வேலை குறையும்.

கடைக்காரப் பையன் ஒயரைச் சொருகி டிராயரைத் திறந்தான். அது திறந்த விதத்தை எப்படிச் சொல்வது? நம் வீட்டு டிராயர் மாதிரி நாக்கை நீட்டவில்லை. சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல் வெளியே வந்தது. டிஸ்கை வைத்தேன். உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உள்ளே எங்கேயோ ஒரு "டொக்". தட்டு பிடித்துக்கொண்டது. அந்த டொக் சத்தத்துக்கே பணம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

காதர்தான் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏசி நூறு வோல்ட்டுன்னு போட்டிருக்குடா" என்றான்.

ஜப்பானில் உள்ளூருக்கு விற்பதெல்லாம் 100 வோல்ட். நமக்கு 230. இடையில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். அது பெரிய விஷயமில்லை, ஹெர்ட்ஸ் பிரச்சினையும் இல்லை, தோக்கியோ பக்கமே 50 ஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. ஆனால் இங்கே சாயந்திரம் எங்கள் லைனில் 170 வரை இறங்குவதை என் கண்ணாலேயே மீட்டரில் பார்த்திருக்கிறேன். அப்போது மெஷினுக்குப் போவது 74 வோல்ட். கட்டடத்து ஜெனரேட்டர் கிளம்பும்போது 250 அடிக்கும், அப்போது 109. ரைஸ் குக்கர் இதைத் தாங்கும். இது தாங்குமா? அதோடு அதன் லேசர் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? காரில் கிலோமீட்டர் மீட்டராவது இருக்கும். லேசர் போனால் ஜப்பானுக்குத்தான் அனுப்ப வேண்டும். அவ்வளவு பாரத்தை அனுப்புகிற செலவில் இங்கே ஒரு கல்யாணமே நடத்திவிடலாம். பேசாமல் வந்துவிட்டேன். ராத்திரி தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால் முதல் செலவு பிளேயருக்கு இல்லை, இன்வெர்ட்டருக்கு. ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டரும் ஒரு லித்தியம் பேட்டரியும். மலிவான சதுர அலை இன்வெர்ட்டரில் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி முனகும், பாட்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்க வேண்டும். பிளேயர் குடிக்கும் கரண்ட் ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான், தின்பதெல்லாம் ஆம்ப்ளிஃபையர். இதைச் சொன்னதும் கமலாவின் கோபம் பாதி இறங்கியது, அதே இன்வெர்ட்டரில் ஃபேனும் ஓடும் என்பதால்.

இனி பிளேயர். மாராண்ட்ஸ் எஸ்ஏ-10 வேண்டும் என்று கொஞ்ச நாள் பிடிவாதமாக இருந்தேன். விசுவாசம்தான், வேறென்ன. எந்த டிஸ்கைப் போட்டாலும் ஒரு பிட் ஓட்டமாக மாற்றி, அதை அப்படியே சத்தமாக்குகிற மெஷின் அது. டெனான் 2020-ல் தங்கள் 110-ஆவது ஆண்டுக்காகப் போட்ட டிசிடி-ஏ110-ஐயும் பார்த்தேன். ஆக்குபேஸ் விலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நான் பார்த்த இவை எல்லாமே எஸ்ஏசிடியும், அதாவது சூப்பர் ஆடியோ சிடியும், ஓட்டுபவை. 1999-ல் வந்த சங்கதி, நொடிக்கு 28 லட்சத்துச் சொச்சம் தடவை ஒரே ஒரு பிட். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் அலமாரியைத் துழாவினேன். ராஜா பாட்டு, எம்.எஸ். அம்மா, ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரம், உன் அப்பா கொடுத்த பக்திப் பாடல்கள். எஸ்ஏசிடி என்று ஒன்றுகூட இல்லை. நம் பாட்டை அதில் யார் போட்டார்கள்? இல்லாத டிஸ்குக்காக இன்னொரு அலைநீள லேசருக்கும் சேர்த்துப் பணம் கட்டி, அதுவும் மழையில் மங்கினால் அதற்கும் அழ வேண்டுமா?

கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது. டியாக் விஆர்டிஎஸ்-701. 2023-ல் வந்தது. சிடி மட்டும்தான். எசோடெரிக் வீட்டுத் தட்டு அதே சித்தாந்தத்தில், விலை அதில் ஒரு சிறு பங்குதான். உள்ளே எண்ணைச் சத்தமாக்கும் டேக் சிப்பை வெளியில் வாங்காமல் அவர்களே தனித்தனிப் பாகங்களாகக் கட்டியிருக்கிறார்கள். வால்யூமும் உண்டு, ஹெட்போன் துளையும் உண்டு. ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு ஹெட்போன்தான் மருந்து. புதுசு, 230 வோல்ட், வாரன்டியோடு. டொக் சத்தம் இருக்குமா என்று மட்டும் தெரிய வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரிய மெஷின் வாங்கினால் பூஞ்சை பிடித்த டிஸ்கெல்லாம் பாடிவிடும் என்று நினைக்காதே. பிளேயருக்கு ஓட்டத்தில் ஒரே தடவைதான் வாய்ப்பு. கம்ப்யூட்டர் டிரைவ் என்றால் படிக்க முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். அதனால் கெட்டுப்போனவற்றை முத்து கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டுப் போனான்.

முத்து பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றினேனோ என்னவோ. பணம் அவன் அனுப்பியது. 2024 பிப்ரவரியில் 18-லிருந்து 35 வயது வரைக்கும் ஆண்பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டத்தை அமல்படுத்தினார்கள் இல்லையா, அவனுக்கு அப்போது 27. எப்படிப் போனான் என்று இதில் எழுத வேண்டாம். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது. "அப்பா, எனக்காகச் சேர்த்து வைக்காதே, உனக்குப் பிடித்ததை வாங்கு" என்று போனில் சொன்னான். எங்கள் வீட்டில் அவன்தான் சத்தம். குளிக்கும்போது பாடுவான், கதவை அறைந்து சாத்துவான். இப்போது ராத்திரி ஏழு மணிக்கு கமலாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அவளே நேற்று, "சீக்கிரம் எதையாவது வாங்கித் தொலைங்க" என்றாள்.

அவன் கொண்டு வந்து தர முடியாது. வந்தால் திரும்ப விடுவார்களா என்று தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகிறாய் அல்லவா? அங்கே கோல்மன் தெருவில் அடெல்ஃபி என்று ஒரு கட்டடம், உள்ளே மாடிக்கு மாடி ஆடியோ கடைகள். முத்துவோடு போ. அவன் காதை நம்பாதே, அவன் காதில் எப்போதும் அந்த வெள்ளைக் குச்சி. உன் நாகஸ்வர சிடியை எடுத்துக்கொண்டு போ, மிருதங்கம் கூட வரும் ஒரு குரல் சிடியும். தவிலில் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் கேட்கிறதா பார். குரலில் சகரம் சீறுகிறதா பார். கடைக்காரன் இன்னும் விலை கூடிய ஒன்றைக் காட்டுவான், கேட்காதே, கேட்டால் கெட்டாய். பிடித்திருந்தால் முத்து பணம் கட்டுவான். பெட்டி பத்துக் கிலோவுக்கு மேல் வரும்.

அங்கிருந்து சென்னைக்கு நேராகப் போகாமல் ரங்கூன் வழியாகப் போ. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே உனக்குத் தலை நரைத்துவிட்டது. மொகல் தெருவில் உங்கள் பழைய வீட்டின் கீழே இப்போது போன் கடை, மாடிப்படி அப்படியேதான் இருக்கிறது. டிக்கெட்டில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று முதலிலேயே கேட்டு எழுது. தங்கச்சி மூட்டை கட்டுவதற்கு முன்னால் கேள்.

அன்புடன்,
காசி